எடுத்தவர் பெயர்

உலகம்மையிடம் படம் எடுக்கக் கற்க வருகிறவர்கள் செருப்போடு சேர்த்துக் கேமராவையும் வாசலில் விட்டுவிட வேண்டும்.

ஜெரோம் ராயன் செருப்பை மட்டும் விட்டார்.

அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் பல வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அவர் பெயர் இருக்கும். இப்போது ஸ்டூடியோவை மகன் பார்த்துக்கொள்கிறான். ட்ரோன் எல்லாம் வாங்கி, நன்றாகவே நடத்துகிறான். ராயனுக்குக் காலைப்பொழுதுகள் மிச்சம்.

உலகம்மைக்கு அவருடைய மூத்த மகளின் வயது இருக்கும். கேமராவைத் தொடாமல் படம் எடுப்பவள். அலுவலகங்களில் காகிதத்தை வைத்து மூடுகிறார்களே, அந்த ஸ்கேனர்தான் அவளுக்குக் கேமரா. அதன் கண்ணாடியில் பொருள்களைப் படுக்கவைத்து எடுப்பாள். அவள் எடுத்த சங்கு ஒன்றைக் கதவளவு பெரிதாக்கி ஒரு கண்காட்சியில் மாட்டியிருந்தார்கள். அதன் ஒவ்வொரு வரியும் தெரிந்தது. ராயன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அவளிடம் போனார்.

“என்ன லென்ஸ் இது?”

“ஸ்கேனர்.”

“விளையாடாதம்மா.”

“நாளைக்கு வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி. விளையாடிக் காட்டுதேன்.”

அப்படித்தான் வந்தார். கழுத்தில் கேமராவோடு.

உலகம்மை கேமராவை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஸ்கேனர் இருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடியில் கடல்பாசி ஒரு கொத்து கிடந்தது. ராயன் அதைப் பார்க்கக் குனிந்தார். கழுத்திலிருந்து ஆடிய கேமரா கண்ணாடியில் இடித்தது. ‘டங்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியில் முடி மாதிரி ஒரு கீறல்.

“போச்சு,” என்றாள் சுலைகா. அவளும் அங்கே கற்றுக்கொள்ள வருகிறவள். பல் ஆஸ்பத்திரியில் வேலை. பாசி அவள் கொண்டுவந்தது.

ராயன் கேமராவைக் கழற்றினார். வாசலுக்குப் போய்ச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

“கண்ணாடி புதுசு வாங்கித் தந்துடுதேன், டீச்சர்.”

அவளை அவர் டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வேண்டாம் அண்ணாச்சி. இனிமே எல்லாப் படத்துலயும் அந்தக் கீறல் விழும். உங்களை மறக்கமாட்டோம்.”

*

ஜன்னல் திரைகளை இழுத்துவிட வேண்டும். ஸ்கேனரின் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். கண்ணாடியைத் தொட்டுக் கிடப்பது துல்லியமாக விழும். ஓர் அங்குலம் விலகியது மங்கும். அதற்கும் அப்பால் எல்லாம் இருட்டு.

ராயன் முதல் வாரம் தவித்துப்போனார்.

“எதுல பார்த்து பிரேம் வைக்கது, டீச்சர்?”

“பார்க்க முடியாது. பொருளோட முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கு. நமக்கு முதுகுதான்.”

“முகத்தைப் பார்க்காம எப்படி எடுக்க?”

“கல்யாண வீட்டுல மணவறையைச் சுத்தி ஜனம் நின்னு மறைக்கும். அப்ப எப்படி எடுத்தீங்க?”

“கேமராவைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, ஒரு குத்துமதிப்புல.”

“நல்லா வருமா?”

“நல்லா வந்ததெல்லாம் அப்படி வந்ததுதான்,” என்றார் ராயன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

ஒரு நாள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சீலா மீனைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடியில் ஆவி படிந்து, திரையில் வெள்ளையாக ஏதோ வந்தது.

“மேகம் நல்லா வந்திருக்கு அங்கிள்,” என்றாள் சுலைகா. “மீன் எங்க?”

உலகம்மை மீனைத் திருப்பிப் பார்த்தாள்.

“குழம்புக்குத் தோதான மீன்,” என்றாள்.

ராயன் மீனைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டிய பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இன்னொரு நாள் அவர் சொன்னார். “நான் ஒண்ணு சொல்லுதேன், டீச்சர் தப்பா எடுத்துக்கக் கூடாது. தாலி கட்டும்போது மூணாவது முடிச்சு விழுற நொடி ஒண்ணு இருக்கு. பொண்ணு கண்ணு ஒரு தரம் மேல வரும். அந்த நொடியை நான் விட்டதே இல்ல. ஒரு கல்யாணத்துலகூட. அது எனக்குப் பெருமைதான். இந்த மெஷின்ல நொடின்னு ஒண்ணு இருக்கா?”

“உங்க வாட்சைக் கழட்டுங்க.”

கழற்றிக் கொடுத்தார். உலகம்மை அதைக் கண்ணாடியில் குப்புற வைத்தாள். அடியில் விளக்கு மெல்ல ஊர்ந்து போயிற்று. படம் திரையில் வந்தது. எண்கள், இரண்டு முட்கள், வாரின் தையல் எல்லாம் சுத்தமாக இருந்தன. நொடி முள் மட்டும் நேராக இல்லை. துண்டு துண்டாக, ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது.

“எந்த நொடின்னு சொல்லுங்க,” என்றாள்.

ராயன் படத்தையே பார்த்துக்கொண்டு வாட்சைக் கட்ட மறந்து நின்றார்.

*

மழைக்காலம் முடிவதற்குள் அவருக்குக் கை வந்துவிட்டது. உப்பளத்திலிருந்து எடுத்துவந்த உப்புப் பாளம் ஒன்றை எடுத்தார். உடைந்த கண்ணாடி மாளிகை மாதிரி வந்தது. சுலைகா அதைத் தன் போனில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் முதலில் கேட்டார்.

“டீச்சர், இதுல என் பேரைப் போடலாமா?”

அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயன் எடுக்கும் எல்லாப் படத்திலும் மூலையில் ‘ராயன்’ என்று எழுதுவார். அச்சில்லை, கையெழுத்து. ர, கால், ய, ன என்று எழுதி நிறுத்துவார். ஒரு மூச்சு விடுவார். பிறகு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியை வைத்தே இது ராயன் எடுத்தது என்று சொல்லிவிடுகிறவர்கள் ஊரில் இருந்தார்கள்.

“ஏன் கேக்கீங்க? எப்பவும் போடுறதுதானே?”

“கேமரான்னா நொடியை எடுத்தது நான். அமுக்கினது என் விரல். இங்க விளக்கு அதுபாட்டுக்குப் போகுது. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன். அப்ப எடுத்தது யாரு? நானா, அதுவா?”

“கண்ணாடியைத் துடைங்க அண்ணாச்சி. உப்பு சிந்திக் கிடக்கு.”

ராயன் துடைத்தார்.

*

ஊரில் செய்தி பரவியது. டீக்கடையில் ஒருவர் ராயனிடம் ஆதார் கார்டை நீட்டினார். “அண்ணே, ரெண்டு பக்கமும் ஒரு ஜெராக்ஸ்.” எல்லாரும் சிரித்தார்கள். ராயனும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. புகைப்படக்காரர்கள் சங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை படங்களை மாட்டும். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்துக்கும் சங்கத் தலைவர் தன் கையால் ஒரு கார்டு எழுதுவார். கேமரா, லென்ஸ், ஷட்டர், எடுத்தவர் பெயர். கார்டு எழுதிவிட்டால் படம் சுவருக்கு ஏறும். எழுதாத படம் சுவரோரம் தரையில், முதுகைக் காட்டி நிற்கும். மாலையில் எடுத்தவரே வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ராயன். அப்போது அவர் தலைவர்.

இப்போது தலைவர் கோமதிநாயகம்.

பிலிம் காலத்தில் கோமதிநாயகம் ஒரு கல்யாண நெகட்டிவைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார். பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் இடது கையால் சாப்பிட்டார்கள். மணப்பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது. ராயன் அந்தப் படத்தைச் சங்கக் கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். “இனி யாரும் படத்தைத் திருப்பிப் போட்டா சங்கத்துல இடமில்ல,” என்றார். அன்றிலிருந்து கோமதிநாயகத்துக்குப் பீச்சாங்கை நாயகம் என்று பெயர். அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும்.

அந்தச் சுவரில் ராயனின் படம் இல்லாத வருஷம் கிடையாது. இந்த வருஷம் ஸ்கேனரில் எடுத்ததைத்தான் கொண்டுபோவேன் என்று அவர் டீக்கடையிலேயே சொல்லிவிட்டார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தபோது வாயில் வந்துவிட்டது.

“தரையில நிக்கப்போவுது,” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

*

அன்று காலை திரேஸ்புரம் கரையிலிருந்து நேராக வந்தார். கையில் தூக்குவாளி. உள்ளே கடல்தண்ணீரில் ஓர் ஊசிக்கணவாய்.

உயிர் போய்விட்டிருந்தது. தோல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. செம்புள்ளிகள் விரிந்து உடம்பு முழுவதும் சிவப்பாயிற்று. சுருங்கி வெளுத்தது. மறுபடி சிவந்தது.

“திரையை இழுத்து விடும்மா சுலைகா, சீக்கிரம்.”

உலகம்மை ஸ்கேனரின் ஓரங்களைத் தண்ணீர் இறங்காமல் டேப் ஒட்டி அடைத்துவைத்திருந்தாள். ராயன் கணவாயைக் கண்ணாடியில் படுக்கவைத்தார். கால்களை விரலால் பிரித்துவிட்டார். மைப்பை கசிந்து வலதுகை ஆள்காட்டி விரலெல்லாம் கறுப்பாயிற்று.

விளக்கு புறப்பட்டது.

தலைப்பக்கத்திலிருந்து அது மெல்ல நகர்ந்து வந்தது. கணவாயின் ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது. விளக்கு தலையைத் தாண்டும்போது தோல் ரத்தச் சிவப்பாக இருந்தது. விளக்கு நகர நகர அதுவும் நிறம் மாறிக்கொண்டே வந்தது. ராயன் மேலே நின்று முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது முடிச்சு விழுகிற நேரத்தில் தெரியுமே, அப்படி.

கை தானாகக் கண்ணாடியின் கீழ் மூலைக்குப் போயிற்று. மை படிந்த விரலால் எழுதினார். ர. கால். ய. ன.

ஒரு மூச்சு விட்டார்.

புள்ளி வைக்க விரலைக் கண்ணாடியில் ஊன்றியபோது விளக்கு வந்துவிட்டது.

படம் திரையில் வந்தது. கடல் மாதிரி இருட்டு. அதில் கணவாய் மிதந்தது. தலை கருஞ்சிவப்பு. கழுத்துக்குக் கீழே செம்பு. இடுப்பில் ரோஜா. வால் நுனியில் வெறும் பால். ஒரே உடம்பு. அது நிறம் மாறின நேரம் முழுவதும் அந்த உடம்பிலேயே படுத்திருந்தது.

“அங்கிள்,” என்றாள் சுலைகா. “பேரு திரும்பியிருக்கு.”

மேலிருந்து எழுதினார். கண்ணாடி கீழிருந்து பார்த்தது. இருட்டின் மேல் மை பழுப்பாக விழுந்து, ‘ராயன்’ இடம் வலமாக மாறிக் கிடந்தது. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் நுனி. அழுத்தின அழுத்தில் ரேகையெல்லாம் தெரிந்தது. நகத்தோரத்து மைகூடத் தெரிந்தது. அதற்கு மேல் கை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டில் கரைந்து போயிருந்தது.

ராயன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பிரேமுக்குள்ள விரலு. கேமரா பிடிக்கத் தெரியாத பய செய்யுற வேலை. இதுக்காக எத்தனை பேரை ஸ்டூடியோவை விட்டு அனுப்பியிருக்கேன்.”

“அதுக்கென்ன, ஒரு பட்டன் தட்டினா படம் மொத்தமும் திரும்பிடும். பேரு நேராயிடும்,” என்றாள் சுலைகா. “விரலையும் அழிச்சுடலாம். அடையாளமே தெரியாது.”

ராயன் உலகம்மையைப் பார்த்தார்.

“உங்க படம் அண்ணாச்சி,” என்றாள் அவள். ஈரத்துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

*

ராயன் பட்டனைத் தட்டவில்லை. வேறொரு வழி பார்த்தார்.

வீட்டில் பீரோக் கண்ணாடியின் முன்னால் நின்று தன் பெயரைத் திருப்பி எழுதப் பழகினார். மனைவி ரீத்தம்மாள் காபியோடு வந்து பார்த்தாள்.

“யாரு பேரை எழுதுதீங்க?”

“என் பேருதான்.”

“அதுக்குள்ள மறந்துபோச்சா?”

கை பழகிய பிறகு மறுபடியும் கரைக்குப் போனார். மறுபடியும் கணவாய். விளக்கு புறப்படுவதற்கு முன்பே பெயரைத் திருப்பி எழுதி, புள்ளி வைத்து, கையை எடுத்துக் கட்டிக்கொண்டார். பெயர் நேராக விழுந்தது. விரல் இல்லை. கணவாயும் நன்றாகவே இருந்தது.

இரண்டையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டார். கண்காட்சிக்கு முந்தின நாள் உலகம்மையின் வீட்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

“எதைக் கொண்டுபோக, டீச்சர்?”

உலகம்மை இரண்டையும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிவந்து இரண்டு ஸ்டூல்களுக்கு மேல் பாலம் மாதிரி வைத்தாள்.

“அடியில படுங்க.”

“யாரு, நானா?”

“சுலைகா போன வாரமே படுத்து எந்திரிச்சுட்டா.”

“முட்டி மடங்காது டீச்சர்.”

“கதவைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. அப்புறம் படுக்கலாம். அவசரமில்ல.”

ராயன் முனகிக்கொண்டே படுத்தார். சட்டை கசங்கியது. கண்ணாடிக்கு மேலே உலகம்மையின் முகம் தெரிந்தது. கிண்ணத்திலிருந்த மையில் விரலைத் தோய்த்து அவள் தன் பெயரை எழுதினாள்.

“படிங்க.”

“படிக்க வரல. திரும்பியிருக்கு.”

“வேற என்ன தெரியுது?”

“உங்க விரல் தெரியுது.”

“விரல்ல?”

ராயன் கண்ணைச் சுருக்கினார்.

“நுனியில ஒரு தழும்பு இருக்கு. குறுக்கால. இத்தனை நாளா வாரேன், இதை நான் பார்த்ததே இல்லையே. எதுல பட்டது?”

“முதல்ல வாங்கின ஸ்கேனரு. கண்ணாடியைக் கழட்டும்போது உடைஞ்சுது. கை போயிரும், இனி இந்த வேலையே வேண்டாம்னு அம்மா அழுதாங்க.”

“நீங்க?”

“தையல் பிரிக்கிறதுக்கு முந்தி அடுத்த படத்தை எடுத்துட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. அடியில் படுத்திருந்தவருக்கு அது நேராகத் தெரிந்தது.

“எந்திரிங்க அண்ணாச்சி. காபி ஆறிடும்.”

அவ்வளவுதான். ராயன் இரண்டு பிரிண்டையும் ஒரே குழாய்க்குள் சுருட்டிப் போட்டுக்கொண்டு போனார்.

*

சங்க மண்டபத்தில் கூட்டமாக இருந்தது. உலகம்மையும் சுலைகாவும் பின்னால் ஒரு தூணருகே நின்றார்கள். ராயன் குழாயோடு உள்ளே நுழைந்ததும் ஒரு குரல் கேட்டது.

“ஜெராக்ஸ் கடை திறந்தாச்சு.”

கோமதிநாயகம் மேஜைக்குப் பின்னால் கார்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“வாரும் வே ராயன். பிரியும், பார்ப்போம்.”

ராயன் குழாய்க்குள் கையை விட்டார். உள்ளே இரண்டு சுருள்கள். கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தார். பிறகு ஒன்றை உருவி மேஜையின் மேல் விரித்தார்.

சுலைகா எட்டிப் பார்த்தாள். உலகம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தலையிலிருந்து வால்வரைக்கும் மெல்லப் பார்த்துக்கொண்டு வந்தார், விளக்கு வந்த மாதிரியே. மூலைக்கு வந்ததும் நின்றார்.

“படத்தைத் திருப்பிப் போட்டிருக்கீரா?”

“இல்ல.”

“பின்ன பேரு திரும்பியிருக்கு?”

“நான் நேராத்தான் எழுதினேன். நீரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கீரு.”

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

“படத்தைத் திருப்பியிருந்தா பேரு சரியா வந்திருக்கும்லா?”

“வந்திருக்கும்.”

“ஏன் திருப்பல?”

“திருப்பக் கூடாதுன்னு சொன்னது நான்தானே வே.”

கோமதிநாயகம் நிமிர்ந்தார். அவரும் ராயனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டபத்தில் வயதானவர்கள் எல்லாருக்கும் அந்த இடதுகைப் பந்தி நினைவுக்கு வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“அன்னைக்கு என் படத்தைத் தூக்கிக் காட்டினீரு,” என்றார் கோமதிநாயகம்.

“காட்டினேன்.”

“இதையும் தூக்கிக் காட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.”

ராயன் படத்தின் இரண்டு முனைகளையும் பிடித்தார். தலைக்கு மேல் தூக்கினார். படம் அவரைவிட அகலமாக இருந்தது. கணவாய் மண்டபத்தின் மேல் சிவந்து வெளுத்து நின்றது. மூலையில் திரும்பிய பெயர். அதன் மேல் விரல். கைகள் வலித்திருக்கும். அவர் இறக்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஜெராக்ஸ் என்று சொன்னவரும் எழுந்து நின்றார்.

“நுனி ரேகைகூட விழுந்திருக்கு வே,” என்றார் யாரோ, தனக்குத்தானே சொல்வதுபோல.

கோமதிநாயகம் கட்டிலிருந்து ஒரு கார்டை உருவினார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சுலைகாவின் பிடி இறுகியது.

“கேமரா?”

“ஸ்கேனர்,” என்றார் ராயன். படத்தை இன்னும் இறக்கவில்லை.

பின்னால் ஒருவர் ‘ஆதார்’ என்று ஆரம்பித்தார். கோமதிநாயகம் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“சிரிக்கிறவங்க வெளிய போய்ச் சிரிச்சுட்டு வாங்க. நான் கார்டு எழுதுதேன்.”

எழுதினார்.

“லென்ஸ்?”

“கண்ணாடி. கீறல் விழுந்த கண்ணாடி. கீறல் நான் போட்டது.”

எழுதினார்.

“ஷட்டர்?”

ராயன் யோசித்தார்.

“ஒரு கணவாய் சிவப்புலேருந்து வெளுக்கிற நேரம்.”

கோமதிநாயகம் பேனாவை நிறுத்திப் படத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதையும் அப்படியே எழுதினார்.

“எடுத்தவர் பெயர்?”

ராயன் வாயைத் திறந்தார். ஊரே அறிந்த பெயர். வரவில்லை. உப்புப் பாளத்தன்று கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கூட்டத்துக்கு மேலே படத்தைப் பிடித்தபடி தூண் பக்கம் பார்த்தார்.

எல்லாரும் அவர் பார்த்த பக்கம் திரும்பினார்கள்.

உலகம்மை அவரைப் பார்க்கவில்லை. படத்தின் மூலையை, புள்ளி வைக்க ஊன்றி இன்னும் எடுக்காத அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் கோமதிநாயகத்திடம். “எழுதிக்கிட்டிருக்காரு.”